நாலாவது சோதனை

விஞ்ஞானி வெண்டெலின் ஆய்வகத்தைக் காலி செய்ய உதவிக்கு வந்த லோர்னாவின் கையில் அவளுடைய பழைய சோதனை நோட்டு அகப்பட்டது. முப்பது வருஷத்துக்கு முன், படிப்பை முடித்த கையோடு ஒரே ஒரு வருஷம் அவள் அங்கே வேலை பார்த்திருந்தாள்.

"டாக்டர், ஞாபகமிருக்கா? சோதனைக்கு வாங்கின கோழி முட்டையில மிச்சத்தையெல்லாம் பர்னர்லயே ஆம்லெட் போடுவோமே!"

"கருக்கினது நீதான்!" என்று சிரித்த வெண்டெல், நோட்டைப் பார்த்ததும் அடங்கிப்போனார். "எனக்கு உன்னைத் திட்டினதுதான் ஞாபகம் வருது."

கோழிக்குப் புற்றுநோய் தரும் வைரஸின் ஜீன், நோயில்லாத கோழியிலும் இருப்பதாக அவளுடைய சோதனை மூன்று முறை காட்டியது. "குழாயை ஒழுங்காக் கழுவு!" என்று மூன்று முறையும் வெண்டெல் கத்தினார். நாலாவது சோதனையின் பக்கத்தில் பூஜ்யம் என்று இருந்தது; கீழே வெண்டெலின் கையெழுத்து.

"மறு வருஷமே கலிஃபோர்னியா விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அது கோழியோட சொந்த ஜீன், வைரஸ்தான் அதைத் திருடியிருக்குன்னு. நம்ம உடம்புலயும் அந்த மாதிரி ஜீன் இருக்கு, அது கெட்டுப்போனா புற்றுநோய் வர வைரஸே தேவையில்லை. உன்னை நம்பாமப் போயிட்டேன். மன்னிச்சிடும்மா."

லோர்னா அந்த நாலாவது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும் டாக்டர். நாலாவது தடவை நான் சோதனையே பண்ணல. உங்க திட்டுக்குப் பயந்து பூஜ்யம்னு எழுதிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"நீ அப்போ புதுசு. அந்தச் சோதனைக்குக் கதிர்வீச்சை எண்ணுவோமே, அந்த மெஷின்ல வெறும் குழாயை வச்சாலே இருபது, முப்பதுன்னு காட்டும். பூஜ்யம் வரவே வராது."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

வெண்டெல் நோட்டை மெதுவாக மூடினார்.

"எனக்கு வேண்டிய பதில் அதுதானேம்மா."