துணி போட்ட மூடி

"எல்லாருக்கும் தங்கக் கலர் மூடி. எனக்கு மட்டும் ஏன் வெட்டுத் துணி?"

வக்கீல் வீட்டம்மா போட்ட போட்டில் கீழ்த்தள ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்தின சாயங்காலம். அந்தக் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் மேஜைமேல் பதினோரு பாட்டில் விளக்குகள். காலியான ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில், தேன் பாட்டில். உள்ளே பொடிப் பொடி பல்புகள், வெளியே வெள்ளைப் பெயின்டில் இலையும் பூவும், கழுத்தில் ரிப்பன். எல்லாம் கீழ் வீட்டு டெய்லரம்மாவின் கைவேலை.

மூன்று மாதமாக மாடி மாடியாக ஏறிக் காலி பாட்டில் கேட்டு வாங்கியிருந்தாள். வாங்கின கையோடு அடியில் வீட்டு நம்பரை எழுதி ஒட்டிவிடுவாள். அவரவர் வீட்டு பாட்டில் அவரவருக்கே அழகாகத் திரும்பிப் போக வேண்டும். அதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம்.

வக்கீல் வீட்டம்மா மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. "தைக்கத் தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு இந்தக் குப்பை பொறுக்குற வேலை?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவள்தான்.

"கொடுக்காதவளுக்கு இதுவே பெரிசு" என்று முணுமுணுத்தார் வக்கீல். கோர்ட்டில் நன்றாக எடுபடுகிற குரல் அது. வீட்டம்மாவிடம் ஒரு நாளும் எடுபட்டதில்லை.

"நீங்க சும்மா இருங்க. போன வருஷம் இவளுக்கு நான் என்ன கொடுத்தேன்? வெளிநாட்டு ஜாம்! முழு பாட்டில். மூடிமேல மாட்டியிருந்த பூப்போட்ட பேப்பர்கூடக் கசங்காம கொடுத்தேன். கேட்டுப் பாருங்க!"

"ஆமாக்கா, மறப்பேனா" என்றாள் டெய்லரம்மா. "அதே பாட்டில்தான் இது. இந்த வருஷம் உங்க வீட்டுலேருந்து ஒண்ணும் வரலையா, என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

"நல்லா இருக்கே கதை! நான் கொடுத்ததையே எனக்குத் திருப்பிக் கொடுக்குறியா? அதுவும் கந்தலைக் கட்டி!"

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கேயிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மாடி வீட்டு டீச்சர் சமாதானத்துக்கு வந்தாள். "விடுங்க. துணி போட்டதும் ஒரு அழகுதான்."

"அழகுன்னா நீங்க எடுத்துக்குங்க டீச்சர். எனக்குத் துணிக்கு அடியில இருக்கறதைப் பாக்கணும்." பரிசுப் பொட்டலம் பிரிக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தாள் வக்கீல் வீட்டம்மா.

அதுவரை சிரித்த முகமாக நின்ற டெய்லரம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "பிரிக்காதீங்கக்கா. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்குங்க. இங்க வேணாம்."

"ஏன், அப்படி என்னத்த ஒளிச்சு வெச்சிருக்க?"

நெருக்கமான தையல். நாலு வெட்டு வெட்ட வேண்டியிருந்தது. துணி கழன்று மேஜைமேல் விழுந்தது.

அடியில் தங்கக் கலர்தான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை பூசியிருந்தாள். ஆனால் தகரத்தில் அச்சடித்துப் புடைத்து நின்ற எழுத்தை அந்தப் பெயின்ட் மறைக்கவில்லை; இன்னும் எடுப்பாகக் காட்டியது.

இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தவும். பக்கத்தில் ஒரு தேதி.

போன வருஷ விருந்துக்கும் எட்டு மாதம் முந்தின தேதி அது.

"என்ன இருக்கு, என்ன இருக்கு?" டீச்சர் கழுத்தை நீட்டினாள்.

வக்கீல் வீட்டம்மாவின் உள்ளங்கை தானாகவே மூடியை மூடிக்கொண்டது.

டெய்லரம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல டீச்சர். பெயின்ட் திட்டுத் திட்டா ஆயிடுச்சு, என் கை லட்சணம் அப்படி. பாக்க நல்லா இல்லேன்னுதான் துணியைத் தெச்சுட்டேன்."

"ப்பூ, இவ்வளவுதானா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றபடி டீச்சர் நகர்ந்தாள். மற்றவர்களும் அவரவர் தட்டுக்குத் திரும்பினார்கள். போகிற போக்கில் யாரோ, "அவசர வேலைன்னா இப்படித்தான்" என்று டெய்லரம்மாவுக்கு ஒரு குட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். அதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

தனக்கு விழ வேண்டிய குட்டு அது. வக்கீல் வீட்டம்மாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"உன் பிள்ளைங்க..." டெய்லரம்மா பக்கம் குனிந்தாள். "பிள்ளைங்க அதைச் சாப்பிட்டாங்களா?"

"இல்லக்கா, பயப்படாதீங்க. பேப்பரை எடுத்ததுமே பாத்துட்டேன். கொட்டிட்டு பாட்டிலை மட்டும் கழுவி வெச்சுக்கிட்டேன்."

சேலைத் தலைப்பில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை உருவினாள் டெய்லரம்மா. மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து, மூடியின்மேல் வைத்து, மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

"நீங்க பாக்காம கொடுத்திருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா?"

வக்கீல் வீட்டம்மா 'ஆமாம்' என்று தலையை ஆட்டினாள்.

லேபிளில் இருந்த தேதியை உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எடுத்த அன்றைக்கு, பூப்போட்ட பேப்பருக்கு அடியில் மூடியிலும் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.