பழைய பஞ்சாங்கத்தின் ஓட்டு

கதவைத் திறந்த பழைய பஞ்சாங்கம், வாசலில் நின்ற புரட்சியை உள்ளே வரச் சொன்னார். ஞாயிறுதோறும் கூடும் அரசியல் விவாத மன்றத்தில் இருவருக்கும் இவைதான் பட்டப்பெயர்கள்.

“அண்ணே, அறுபத்தஞ்சு வயசு ஆயிட்டா மேடையில பேசக் கூடாதுங்கற விதியை இன்னிக்கு எடுத்துடலாம்னு இருக்கோம். ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு. உங்க ஓட்டுதான் முடிவு பண்ணும்.”

“உனக்கு எப்போ அறுபத்தஞ்சு?”

“நாளைக்கு.”

“இருக்கிற விதியில கை வைக்கக் கூடாதுங்கறது என் கொள்கை. வரியோ தேர்தலோ, எதைப் பத்தின பேச்சுலயும் நான் அதைத்தானே சொல்லியிருக்கேன்? ஒரு ஆளுக்காக வளைச்சா அது சட்டமே இல்லை.”

“வீட்டுலதான் பொண்டாட்டி பேச விடறதில்லை. மன்றத்துலயும் வாயை மூடிக்கிட்டு உட்காரணும்னா செத்துடுவேண்ணே.”

“பழகிடும்.”

“இது அநியாயமான விதின்னு உங்களுக்குத் தெரியலையா?”

“நல்லாத் தெரியும்.”

“அதை எடுத்துட்டா நீங்களும் மறுபடி பேசலாமேண்ணே. ஏழு வருஷமா சும்மா உட்கார்ந்திருக்கீங்க.”

“புது ரத்தம் வேணும்னு இந்த விதியைக் கொண்டு வந்தது நீதானே தம்பி? அன்னிக்கு மன்றத்துல அறுபத்தஞ்சைத் தாண்டினவன் நான் ஒருத்தன்தான்.”

பழைய பஞ்சாங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பினார்.

“அடுத்த வாரம் சீக்கிரம் வந்துடு. முதல் வரிசையில என் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்.”