நாய்க்குப் போகாத ஈரல்

"பாருங்க, மறுபடியும் தூக்கிட்டுப் போறா உங்க தங்கச்சி."

பத்மா புருஷன் தோலோன் காதில் கிசுகிசுத்தாள். டாக்டர் வந்திருக்கிறாள் என்று மேய்ச்சல் மலையில் ஆடு அறுத்திருந்தார்கள். கொப்புளம் விழுந்த ஈரலில் நாய் வாய் வைப்பதற்குள் ஜூரா அதை அள்ளிக்கொண்டு போனாள். குழி வெட்டிப் புதைத்துவிட்டுத்தான் வருவாள். எப்போதும் இப்படித்தான்.

"என்ன மாந்திரீகமோ! நம்ம பொண்ணை முழுங்கினது பத்தாதா?"

தோலோன் தங்கை போன பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளையில்லாத ஜூராவின் கண் பட்டுத்தான் அவன் மகள் அக்மோர் வயிறு வீங்கிச் செத்தாள் என்று ஊர்ப்பேச்சு. அன்றிலிருந்து தங்கை கையால் ஒரு வாய் தேநீர்கூட அவன் குடித்ததில்லை.

அக்மோர் இருந்த கோடைக்காலங்கள்தான் கோடைக்காலங்கள். உதட்டுக்கு மேல் குதிரைப்பால் மீசையோடு கூடாரத்தையே சுற்றிச் சுற்றி வருவாள். நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டால்தான் தூக்கமே வரும்.

உள்ளங்கை அளவு ஸ்கேன் கருவியால் குழந்தைகளின் வயிற்றைப் பார்த்து முடித்த டாக்டர் ஐஜான், போனில் தெரிந்த படத்தைக் காட்டினாள்.

"கீழ்மலையில நிறைய பிள்ளைங்களுக்கு ஈரல்ல கட்டி இருக்கு. இங்க ஒண்ணுக்குமே இல்லை. கெட்ட ஈரலை நாய்க்குப் போடக் கூடாதுன்னு உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

"நாய்க்கும் கட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அந்த ஈரல்ல இருக்கற புழு நாய் வயித்துல வளரும். நாயைக் கொஞ்சற பிள்ளைக்கு ஒட்டிக்கும். முந்தியெல்லாம் வயிறு வீங்கினப்புறம் பட்டணத்துக்குத் தூக்கிட்டுப் போனாத்தான் தெரியும். இப்ப இங்கேயே பார்த்துடறோம், மாத்திரையிலேயே குணமாக்கிடலாம்."

தோலோன் ஜூரா போன பக்கம் திரும்பிப் பார்த்தான். அக்மோரைப் பட்டணத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஜூரா. அவன் அப்போது பனியில் மந்தையோடு சிக்கிக்கிடந்தான். திரும்பி வந்தவள், 'பேர் தெரியாத நோய்' என்று மட்டும்தான் சொன்னாள்.

ஜூரா குழியை மூடிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நாயாலதான் வந்துச்சுன்னு அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாங்களா?"

"ம்."

"ஊரே உன்னைச் சூனியக்காரின்னுதே தங்கச்சி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜூரா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"சொல்லியிருந்தா ஊர் என்னை விட்டிருக்கும். அந்த நாய்க்குட்டிக்கு ஈரல் ஊட்டி வளர்த்த நீங்க, உங்களை நீங்களே விட்டிருக்க மாட்டீங்களேண்ணே."