பெட்டி மட்டும் வந்தது

தகரப்பெட்டிதான் முதலில் வந்தது. அதைத் தலையில் சுமந்த கூலியாளுக்குப் பின்னால் காசிம் வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

ராபியா இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். சந்தின் முனைவரை வெயில்தான் கிடந்தது. புருஷன் ஹனீபைக் காணோம்.

தாராவியின் அந்தச் சந்தில் பாதிப் பேர் கப்பல்காரர்கள். கப்பலை விட்டு இறங்குகிறவன் தன் பெட்டியோடு தானே வருவான், தன் கையாலேயே பூட்டைத் திறப்பான். அவன் பெட்டியை இன்னொருவன் கொண்டுவந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வீட்டு ஆபிதா குழாயடியில் குடத்தைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

"யா அல்லா, எங்க ராபியாவுக்கா இந்தக் கதி!"

அவள் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. காசிம் வாயைத் திறப்பதற்குள் ராபியாவின் கழுத்திலிருந்த கருகமணித் தாலியை அவிழ்த்தும் விட்டாள். நல்லதோ கெட்டதோ, ஆபிதாதான் முதல் ஆள். அவ்வளவு வேகம்!

காசிமும் ஹனீபும் ஒரே கப்பலில் வேலை. குளிர்காலத்தில் பம்பாய் வழியாக ஆஸ்திரேலியா போகிற பெரிய வெள்ளைக் கப்பல் அது. கோடை வந்தால் லண்டனில் சனங்களை ஏற்றி, தீவு தீவாகச் சுற்றிக்காட்டி, ஏற்றின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். ஹனீப் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. எங்கேயும் போய்ச் சேராத கப்பலுக்கு எவன் டிக்கெட் எடுப்பான் என்று ஆபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹனீபுக்கு மேல்தளத்து நீச்சல் குளத்தில் வேலை. குளத்தை நிரப்ப வேண்டும், கித்தான் நாற்காலிகளை விரிக்க வேண்டும், குளித்து ஏறுகிறவர்களுக்குத் துண்டு நீட்ட வேண்டும். லீவில் வந்தால் கதைகதையாய் அளப்பான். பாண்டு வாசிக்க ஜோடி ஜோடியாய் ஆடுகிற கூடம், சினிமாக் கொட்டகை, மரக்குதிரைகளை நகர்த்திப் பந்தயம், உட்கார்ந்த இடத்துக்கே ஐஸ்கிரீம். போன வருஷம் பாகிஸ்தான் சண்டையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டி இருட்டில் கிடந்தபோதும் இந்தக் கதைதான். கப்பல் குளத்திலும் கடல்தண்ணீர்தான் என்றான் ஒருநாள். அதற்குக் கடலிலேயே குதிக்கலாமே என்றாள் ராபியா. அவன் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகள் சைனப் எழுந்துவிட்டாள்.

இப்போது காசிமும் அதையேதான் பேசினார். குளத்துக்குப் புதிதாக ஓடு பதித்திருக்கிறார்களாம். தண்ணீருக்கு அடியில் விளக்கு எரிகிறதாம். தலையை நிமிர்த்தாமல், கொடுத்த தண்ணீரையும் குடிக்காமல், சொல்லிக்கொண்டே போனார்.

ராபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவுச் சேதி சொல்ல வந்த மனுஷன் குளத்தையும் விளக்கையுமா பேசுவார்? அண்ணன் மாதிரியான அவரை வாசல் திரைக்கு உள்ளே கூப்பிட்டாள்.

"எந்தக் கடல்ல காக்கா அவக உடம்ப எறக்குனீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"மவுத்தெல்லாம் இல்லம்மா" என்றார் காசிம் தணிந்த குரலில், சுவரைப் பார்த்து. "உசுரோடதான் இருக்கான்."

அல்ஹம்துலில்லாஹ்! கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் ஆபிதாவின் கையிலிருந்து கருகமணியைப் பிடுங்கி, அவளை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

காசிமின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"குளத்துக்குத் தெனமும் வர்ற ஒருத்திம்மா. திரும்பத் திரும்ப நம்ம கப்பல்லயே டிக்கெட் எடுப்பா. அவகூட லண்டன்ல எறங்கிட்டான். இனி வரமாட்டேன்னு உங்கிட்டச் சொல்லிரச் சொன்னான்."

பெட்டியின் சாவியைத் தரையில் வைத்தார்.

ராபியா திறந்தாள். எப்போதும் கொண்டுவருகிற விரல் அகலச் சோப்புகள், சைனபுக்கு மிட்டாய் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே கப்பலின் வெள்ளைத் துண்டு. ஓரம் பிசகாமல் மடித்திருந்தான். இதே கைதானே அந்த வெள்ளைக்காரிக்கும் துண்டு நீட்டியிருக்கும்? படுபாவி, பெட்டியை மட்டும் இத்தனை பத்திரமாக அனுப்பியிருக்கிறான்.

வெளியே யாரோ இந்த வீட்டில் இன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, சோறு எங்கள் வீட்டிலிருந்து என்றார்கள். இன்னொருத்தி, பள்ளிக்கூடத்திலிருந்து சைனபைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது என்றாள்.

மவுத்தானவன் பெண்டாட்டிக்குச் சோறு வரும். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டிக்கு என்ன வரும்? குழாயடியில் அந்த மெம்சாபின் துண்டுக் கதை காலம் முழுக்க ஓடும். நாளைக்குச் சைனபுக்கு மாப்பிள்ளை பேச வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள்.

ராபியா பெட்டியை மூடினாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை விலக்கினாள்.

கருகமணியை உள்ளங்கையில் பொத்தியபடி ஆபிதா எழுந்து வந்தாள். எப்படிம்மா என்று கேட்டாள்.

"அந்தக் குளத்துலதான் லாத்தா. முங்கிட்டாக."

உள்ளிருந்து வந்த காசிம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ராபியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் மெதுவாக ஓதினார்: "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

சாவுக்கு மட்டுமில்லை, எந்தத் துன்பத்துக்கும் ஓதுகிற வார்த்தைதான் அது. காசிம் பொய் சொன்னதாக ஆகாது. சந்து முழுக்க அதைத் திருப்பி ஓதியது. ராபியாவும் ஓதினாள், ஓதும்போதே உடைந்து அழுதாள்.

கருகமணியை ஆபிதா தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். ராபியா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.