எட்டாம் எண்காரன்

"த்தூ! இதுவும் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கேமா?"

வெள்ளிக்கிழமை கடைக்கு வரவேண்டிய வீடியோ கேம். அதைச் சோதிப்பது என் வேலை.

"பந்தை உதைச்சாச்சு. பிடிச்சவன் மேல பாஞ்சு சாய்க்க வேண்டாமா? வேற எவன் பிடிச்சாலும் நொறுக்குறானுங்க. எட்டாம் நம்பர் பிடிச்சா மட்டும் அத்தனை பேரும் நின்னு வேடிக்கை பார்க்குறானுங்க! இந்தக் கண்றாவியை எழுதினது எவன்?"

"நான்தான், வேட்" என்றார் எதிர் மேசை ஹாலிஸ்.

"இத்தனை வருஷ சர்வீஸுக்கு இதுதான் லட்சணமா? இப்பவே திருத்துங்க."

அவர் விசைப்பலகையைத் தொடவில்லை.

"எட்டு என் பையன் நம்பர். ஸ்கூல் மேட்ச்ல அவன் பந்தைப் பிடிச்சப்போ நாலு பேர் பாஞ்சு சாய்ச்சாங்க. மூணு வருஷமா படுத்த படுக்கை."

வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினேன். திரையில் எட்டாம் எண்காரன், யார் கையும் படாமல், எல்லைக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.