இருபத்து மூணு வளையம்

"எங்க, கையைக் காட்டுங்க" என்றார் பொருளாளர்.

கத்திரியக்கா தயங்காமல் வலது கையை நீட்டினாள். மூன்று விரல் நுனியில் பளிச்சென்று சிவப்புப் பெயிண்ட். சுற்றி நின்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதானே பார்த்தோம் என்று தலையை ஆட்டினார்கள். காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மழைக்கு முன்னால் பொது இடங்களைச் சீர்செய்வது அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் வழக்கம். வடிகாலைத் தூர்வாருவார்கள், வேலிச்செடியைக் கத்தரிப்பார்கள், பட்டுப்போன மரம் இருந்தால் வெட்டுவார்கள். இந்த வருஷம் நன்றாக இருக்கிற பாதாம் மரத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இலை கார் மேல் விழுகிறதாம். மரம் என்றால் இலை விழாமல் இட்லியா விழும்?

அந்த மரம் கத்திரியக்காவின் ஜன்னலை ஒட்டி நின்றது. தரைத்தள வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள் அவள். நாக்கும் கத்திரி மாதிரிதான், அதனால் வந்த பெயர். நிழல் போனால் மத்தியானத்தில் அந்த அறையில் மனுஷி உட்கார முடியாது. கூட்டத்தில் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டாள், ஓட்டெடுப்பில் தோற்றாள், மரத்துல கை வச்சுப் பாருங்க என்று சவால் விட்டுவிட்டு வந்தாள்.

வெட்ட வேண்டிய மரத்தில் முதல் நாளே சிவப்பு வளையம் போட்டு வைப்பார்கள். ரம்பக்காரர் வந்து, வளையத்தைப் பார்த்து, வெட்டிவிட்டுப் போவார். இன்று காலை வந்தவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். வளாகத்தில் இருந்த இருபத்து மூன்று மரத்திலும் வளையம்!

பொருளாளருக்குக் கோபம் தலைக்கேறியது. அதிகமாக இலை விழுந்தது அவர் கார் மேல்தான். காவல்காரர் பக்கம் திரும்பினார். இவ்வளவு நடந்திருக்கிறது, ஒன்று நீ தூங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு உடந்தையாக இருந்திருக்க வேண்டும், எப்படியானாலும் இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை என்றார். காவல்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறது அவர் வீட்டில்.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கத்திரியக்கா முந்திக்கொண்டாள்.

"அந்த அண்ணனை விடுங்க. நான்தான் அடிச்சேன்."

உடனே பொருளாளர் பாய்ந்தார். வீட்டில் தையல் மிஷின் போட சங்கம் கொடுத்த அனுமதியை இந்த நிமிஷமே ரத்து செய்ய வேண்டும் என்றார்.

"பண்ணிக்கோங்க. தெருமுனையில உக்காந்து தைப்பேன். அங்கயும் ஒரு மரம் இருக்கு, முடிஞ்சா அதையும் வெட்டுங்க."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். சட்டப்புத்தகம் என்றுதான் அவருக்குப் பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு விதியாக எண்ணுவார். இன்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வழிகிற வியர்வையைக்கூடத் துடைக்காமல் நின்றார். அவ்வளவு கோபம் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஒப்பந்தத்துல வளையம் போட்ட மரத்தை வெட்டணும்னுதான் இருக்கு. பாதாம் மரம்னு இல்ல. வெட்டுனா இருபத்து மூணையும் வெட்டணும், இல்லன்னா ஒண்ணையும் தொடக் கூடாது" என்றார் தலைவர்.

எந்த மரம் என்று நமக்குத் தெரியாதா என்று பொருளாளர் துள்ளினார். தெரிவது வேறு, எழுதியிருப்பது வேறு என்றார் தலைவர். புது ஒப்பந்தம் போட வேண்டுமானால் கூட்டம் கூட்ட வேண்டும், கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும், மழைக்காலத்தில் மரம் வெட்டக் கூடாது என்பது இவர்களே போட்ட விதி. ஆகமொத்தம், அடுத்த வருஷம்தான். ரம்பக்காரர் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

பொருளாளர் விடவில்லை. அனுமதி ரத்துக் காகிதத்தை அங்கேயே எழுதி, பேனாவோடு தலைவரிடம் நீட்டினார். கையெழுத்தெல்லாம் அப்புறம், இந்த அம்மா வீட்டுக்கு நானே நேரில் போய் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைவர் திரும்பி நடந்தார். காகிதத்தை அவர் தொடக்கூட இல்லை.

அரைமணி நேரத்தில் அவர் கத்திரியக்காவின் வாசலில் நின்றார். அவள் அப்போதும் இறங்கி வரவில்லை. கதவைப் பாதி திறந்து, கையில் கத்திரியோடு, எங்க சார் அந்தக் காகிதம், குடுங்க, எனக்கொண்ணும் பயமில்ல என்றாள்.

தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு.

"நான் பண்ணுனதுக்கு நீ பழியை ஏத்துக்கிட்ட... மிஷின் எண்ணெய் இருந்தா கொஞ்சம் குடும்மா, சோப்புக்குப் போக மாட்டேங்குது."