பட்டாளத்தாரின் காலுறைகள்

பட்டாளத்தார் சித்திரை வெயிலிலும் காலுறையைக் கழற்றாதவர். மருமகள் சுடலிக்கு அது துரைத்தனமாகத்தான் பட்டது. முணுமுணுத்துக்கொண்டே முப்பது வருடம் துவைத்துப் போட்டாள். பனிமலையில் காவல் நின்ற கதைகளை அவர் சொன்னால் வீடே சிரிக்கும். பேரப்பிள்ளைகள் சைக்கிள் பழகியபோது பின்னாலேயே தத்தித் தத்தி ஓடியவர். பொங்கலுக்கு அவர்கள் அந்தக் கம்பளிப் பாதங்களில்தான் விழுந்து எழுவார்கள்.

காலையில் சுடலி காபியோடு போனபோது அவர் உடம்பில் உயிர் இல்லை.

“வெறைக்கிறதுக்குள்ள கால் கட்டைவெரலச் சேத்துக் கட்டிரு தாயி” என்று அவர் தம்பி கொம்பையா, வேட்டியில் கிழித்த நாடாவைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

சுடலி காலுறைகளை உருவினாள். பஞ்சு உதிர்ந்தது. தலையணை மெலியும்போதெல்லாம் அவள் எலியைத்தான் ஏசியிருக்கிறாள். இரண்டு பாதங்களும் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கி முடிந்திருந்தன. ஒரு விரல்கூட இல்லை.

“கட்டியாச்சா?” வாசலிலிருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

அவள் பஞ்சைப் பழையபடி திணித்து, காலுறைகளை மாட்டி, கட்டைவிரல்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நாடாவைச் சுற்றினாள்.

“கட்டிட்டேன், சின்ன மாமா.”

இறுக்க இறுக்கப் பஞ்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.